தட்ட எண்ணிட்டு பஜாருக்கு போங்க

கேளுங்க அக்கா – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டருங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயந்தான். கிறிஸ்மஸ் வருது, வெலவாசி இப்படி இருக்கு, என்ன வாங்குறது, எவ்வளவு வாங்குறது. அதனால மத்த கேள்விங்கள அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: ஸ்தோத்திரம் அக்கா. வீட்டுல நான், அவரு, ரெண்டு பிள்ளைங்க, மாமியார்னு அஞ்சு பேர். கிறிஸ்மஸ் அன்னிக்கு மதியம் நாத்தனார் குடும்பம், கொழுந்தன் குடும்பம் எல்லாம் வந்து பன்னெண்டு பேர் ஆயிடும். போன வருஷம் டான்பௌ பிரியாணி, கோழி, பன்னி, இறாலு, மூணு வகை பலகாரம், கேக்குன்னு வாங்கிக் குவிச்சு ரெண்டு மாச சம்பளம் போச்சு, கடைசில கரண்ட் இல்லாம பாதி கறிய கொட்டினோம். ஜனவரி முழுக்க கடன். இந்த வருஷம் கொறச்சுக்கலாம்னு சொன்னா மாமியார் "வர்றவங்க என்ன நெனப்பாங்க"ங்குறாங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. – ஒரு வாசகி, தாம்வே, ரங்கூன்

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர படிச்சதும் எனக்கு எங்க வீட்டு குண்டான்தான் ஞாபகம் வந்துச்சு. மூணு வருஷம் முன்னாடி இதே மாதிரி 26ஆம் தேதி காலைல, முந்தின நாளு மிச்சமான கோழிக்கறி அரை குண்டான் இருந்துச்சு, ராத்திரி பூரா கரண்ட் இல்ல, ஒரு தடவ சூடு பண்ணிட்டோமே தாங்கும்னு மூடி வச்சுட்டு படுத்துட்டேன், காலைல மூடிய தொறந்தா ஓரம் பூரா பொடிப்பொடியா நொர, கரண்டிய விட்டு எடுத்தா கொழம்பு நூல் மாதிரி இழுக்குது. வாசனைய சொல்ல வேணாம், உங்களுக்கே தெரியும். நான் அத கொண்டு போயி கொட்டுறப்ப எங்க அம்மா ஒண்ணும் சொல்லல, கதவு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு முட்டைய அவிச்சு நூல் வச்சு நாலா அறுத்து நாலு பிள்ளைங்களுக்கு குடுத்த வீட்டுல வளந்தவங்க அவங்க. ஒரு வார்த்த திட்டியிருந்தா கூட மனசு ஆறியிருக்கும். அந்த வருஷத்துலேர்ந்து கிறிஸ்மஸுக்கு நான் பஜாருக்கு போறதுக்கு முன்னாடி தட்டத்தான் எண்ணுறேன்.

நெசமாவே எண்ணுங்க. பன்னெண்டு பேர்னு சொல்றீங்க, அதுல எத்தன பேர் பத்து வயசுக்கு கீழ, எத்தன பேர் கறி திங்க மாட்டாங்க, யாரு காலைலயே வேற வீட்டுல சாப்பிட்டுட்டு வருவாங்கன்னு பேர் பேரா எழுதுங்க. ஏன்னா நாம எப்பவும் பன்னெண்டு பேர்னா இருபது பேருக்கு வாங்குறோம், பத்தலன்னா என்ன பண்றதுங்குற பயம். அந்த பயத்துக்குத்தான் பாதி காசு போகுது.

அரிசிக்கு நம்ம ஊருல எல்லாருக்கும் தெரிஞ்ச அளவு பால் டப்பா, எட்டு டப்பா ஒரு பீ. டான்பௌக்கு ரெண்டு பேருக்கு ஒரு டப்பா போட்டா வயிறு நெறையும், அப்போ பன்னெண்டு பேருக்கு ஆறு டப்பா, முக்கா பீ தான். நாலு பேர் சின்ன பிள்ளைங்கன்னா அஞ்சு டப்பா போதும். பாஸ்மதிதான் வேணும்னு ஓடாதீங்க. 2011ல உலகத்துலயே நல்ல அரிசின்னு பரிசு வாங்கினது நம்ம பவ்சான் அரிசிதான், வாசனையும் இருக்கு, வெந்தா நல்லா நீண்டும் வரும். தண்ணி மட்டும் கொஞ்சம் கொறச்சு வைங்க, இல்லன்னா கொழஞ்சிடும்.

கறிக்கு நான் வச்சிருக்குற கணக்கு, ஒரே ஒரு கறின்னா ஆளுக்கு பத்து டிக்கல், எலும்போட. (நூறு டிக்கல் ஒரு வீசை, கிலோ கணக்குல 1.63.) பன்னெண்டு பேருக்கு ஒரு வீசை இருபது டிக்கல் கோழி. ரெண்டு கறி செய்யணும்னா இங்கதான் எல்லாரும் தப்பு பண்றோம், கோழியும் ஆளுக்கு பத்து, பன்னியும் ஆளுக்கு பத்துன்னு வாங்கிடுறோம். ரெண்டு கறி இருந்தா யாரும் ரெட்டிப்பா திங்க மாட்டாங்க, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம்தான் எடுப்பாங்க. கோழி 90 டிக்கல், பன்னி 60 டிக்கல், சேந்து ஒண்ணரை வீசை, அவ்வளவுதான். கோழில அரை வீசை உருளக்கெழங்கு போடுங்க, எங்க அம்மா காலத்துலேர்ந்து அப்படித்தான், பிள்ளைங்க கறிய விட்டுட்டு அதத்தான் மொதல்ல எடுக்கும். இறால இந்த வருஷம் விட்டுடுங்க. வெலையும் ஏறிடும், கெடுறதும் அதுதான் மொதல்ல.

எண்ணெய் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். பாமாயில் மலேசியா, இந்தோனேசியாலேர்ந்து வருது, டாலர் ஏறினா நம்ம கடைல ஏறிடும், அது நம்ம கைல இல்ல. கைல இருக்குறது எவ்வளவு ஊத்துறோம்ங்குறதுதான். பர்மாக்காரங்க சிபியன்னு சொல்றாங்களே, எண்ணெய் மேல மெதக்குற கறி, அத பாத்து நம்ம வீட்டுலயும் கிறிஸ்மஸ்னா கரண்டி கரண்டியா ஊத்துறோம். சிபியன்னா எண்ணெய் திரும்பி வர்றதுன்னு அர்த்தம். வெங்காயம், பூண்டு, இஞ்சி அரைச்சத சின்ன தீல பொறுமையா வதக்கி, தண்ணி பூரா சுண்டி, போட்ட எண்ணெய் பிரிஞ்சு மேல வர்ற வரைக்கும் விடுறதுதான் விஷயம். அவசரப்பட்டு பெரிய தீல வைக்கிறவங்களுக்குத்தான் எண்ணெய் கூட வேண்டியிருக்கு. நல்லா சுண்ட விட்ட கறி சீக்கிரம் கெடாது, தண்ணியா இருக்குற கொழம்புதான் ராத்திரிக்குள்ள போயிடும். பொறிக்கிற பலகாரமும் ஒண்ணே ஒண்ணு போதும். வடை, அச்சு முறுக்கு, அதிரசம் மூணும் செஞ்சா மூணு தடவ சட்டி நெறைய எண்ணெய், மிச்ச எண்ணெய் கருப்பாயி அதையே மறுபடியும் ஊத்தி, வேணாம் தங்கச்சி, காசும் போகும் வயிறும் போகும். வடைதான் செய்வேன்னா ஒரு டப்பா உளுந்து போதும், இருபது வடை பக்கம் வரும். நம்ம ஊரு உளுந்து நெறைய இந்தியாவுக்கு போறதால அங்க வாங்குறவங்க கை நீண்டா இங்க வெல ஏறும், அதனால உளுந்த கடைசி நாள்ல போயி வாங்காதீங்க.

காய்கறிலதான் நமக்கு அதிர்ஷ்டம். டிசம்பர் மாசம் ஷான் மலை பக்கத்துலேர்ந்து காலிபிளவர், முட்டைக்கோஸ், கேரட்டு, இன்லே ஏரி தக்காளி எல்லாம் நல்லா வர்ற காலம். ஆரஞ்சும் அதே மலை பக்கத்துலேர்ந்து வந்துடும். வெளிநாட்டு ஆப்பிள், திராச்ச மேசைல வச்சாத்தான் கிறிஸ்மஸ்னு இல்ல, ஒரு தட்டு நெறைய நம்ம ஆரஞ்ச அடுக்கி வச்சா அழகாவும் இருக்கும், பிள்ளைங்க உரிச்சு திங்கும். டான்பௌக்கு பக்கத்துல புளிச்சக்கீரை ரசம் வைங்க, பர்மீஸ்ல சின்பவுங்னு சொல்ற அதே கீரைதான், கட்டு வெல கம்மி, அந்த புளிப்பு கறியோட எண்ணெய வெட்டும், புளிப்பு இருந்தா ஆளுங்க சோறு கறிய அளவா எடுத்துப்பாங்கங்குறது நான் பாத்தது.

எப்ப வாங்குறதுன்னா, கெடாத சாமான டிசம்பர் மொத வாரத்துலயே தெய்ன்ஜி ஜே பஜார்ல போயி முடிச்சிடுங்க, பட்டை, கிராம்பு, ஏலக்கா, கிஸ்மிஸ், முந்திரி. எல்லாம் அஞ்சு டிக்கல் பத்து டிக்கலா. மசாலா சாமான வீசைக் கணக்குல வாங்கி வச்சா ஏப்ரல்ல வண்டுதான் வரும். கோழிக்காரன்கிட்ட 20ஆம் தேதிக்குள்ள இத்தன டிக்கல்னு சொல்லி வச்சுட்டு 25 விடியக்காலைல வாங்கி அப்பவே சமைச்சிடுங்க. பன்னிய வினிகர், பூண்டு, மொளகா அரைச்சு விந்தாலுவா 24 காலைலயே செய்யலாம், வினிகர் இருக்குறதால ஒரு நாள் தாங்கும், ஆனா அன்னிக்கு சாயங்காலம் ஒரு தடவ, மறுநாள் காலைல ஒரு தடவ தளதளன்னு கொதிக்க விடணும், வெதுவெதுப்பா சூடு காட்டுறது ஒண்ணுக்கும் ஆகாது. பிரிட்ஜ நம்பி எதையும் வாங்காதீங்க. கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாத ஊருல, பிரிட்ஜ் இல்லாத வீடு மாதிரி நெனச்சு வாங்குறதுதான் நல்லது. 25 சாயங்காலம் மிச்சம் இருந்தா கெளம்புறவங்க கைல டப்பால போட்டு குடுத்து விட்டுடுங்க, 26க்குன்னு வைக்காதீங்க.

காசுக்கு, மொதல்ல ஜனவரி வாடகை, அரிசி, பிள்ளைங்க டியூஷன் பீஸ் மூணையும் எடுத்து ஒரு கவர்ல போட்டு அவரு கைல குடுத்துடுங்க, உங்க கைல வச்சுக்காதீங்க. மிச்சம் இருக்குறதுதான் கிறிஸ்மஸ். அது கம்மியா இருந்தா பன்னிய விடுங்க, இன்னும் கம்மியா இருந்தா டான்பௌவ விட்டுட்டு ஒன்னோ கவுசுவே (தேங்காப்பால் நூடுல்ஸ்) செய்யுங்க, தேங்காப்பாலும் கடலமாவும் இருந்தா அரை வீசை கோழில பன்னெண்டு பேர் திருப்தியா சாப்பிடலாம்.

அடுத்த வருஷத்துக்கு இப்பவே ஒரு யோசன, உங்க சபைல நம்பிக்கையான பத்து வீடு சேந்து ஜனவரிலேர்ந்து ஒரு சின்ன சீட்டு போடுங்க, டிசம்பர்ல எடுத்து அரிசி மூட்டையா வாங்கி பிரிச்சுக்கலாம். ஒரு மூட்டை 24 பீ, மூணு வீடு சேந்தா ஆளுக்கு எட்டு பீ, சில்லறைல வாங்குறத விட கண்டிப்பா கம்மியா முடியும்.

மாமியார் விஷயம். அவங்கள கஞ்சத்தனம் பண்றோம்னு நெனக்க விடாதீங்க, ஏன்னா அவங்க பயம் நியாயமானதுதான், அவங்க காலத்துல வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புனா அது வீட்டுக்கே அவமானம். நீங்க போயி "அத்த, இந்த வருஷம் பலகாரம் உங்க கைல, அச்சு முறுக்கு மட்டும்தான், கடைல ஒண்ணும் வாங்கப் போறதில்ல"ன்னு சொல்லுங்க. ரெண்டு டப்பா அரிசி மாவுல நாப்பது அம்பது வரும். அந்த அச்ச எண்ணெய்ல சூடு பண்ணி, மாவுல முக்கா பாகம் மட்டும் முக்கி, மறுபடி எண்ணெய்ல விட்டு லேசா தட்டி பிரிக்கிற பக்குவம் நமக்கு வராது, அவங்களுக்குத்தான் வரும். நாத்தனாருக்கு போன் பண்ணி "அண்ணி, நீங்க பழம் கொண்டாங்க"ன்னு நேரடியா கேளுங்க. வெறுங்கையோட வர்றதுக்கு அவங்களுக்கும் சங்கடமாத்தான் இருக்கும்.

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரர் சூப்பர் மார்க்கெட்லதான் கோழி மலிவுங்குறாரு, நான் பஜார்லதான் மலிவுங்குறேன். தெனம் இதே சண்ட. – ஒரு வாசகி, பொட்டத்தாங்

பதில்: ரெண்டு பேரும் வேற வேற அளவ பாக்குறீங்கம்மா. சூப்பர் மார்க்கெட்ல கிலோ, பஜார்ல வீசை. நம்ம ஊரு வீசை நூறு டிக்கல், கிலோ கணக்குல 1.63. ஒரு பேச்சுக்கு பஜார்ல வீசை நம்ம பர்மா காசு 16,300 சாட்னா கிலோ 10,000தான் ஆகுது, சூப்பர் மார்க்கெட்ல கிலோ 12,000னு போட்டிருந்தா பாக்க கம்மியா தெரியும், ஆனா அதுதான் கூட. போன்ல கால்குலேட்டர தொறந்து வீசை வெலைய 1.63ஆல வகுத்துட்டு அப்பறம் பேசுங்க. இன்னொண்ணு, பஜார்ல தலை, கால், ஈரல் எல்லாம் சேத்து நிறுத்துருவாங்க, கடைல சுத்தம் பண்ணி இருக்கும், அதையும் சேத்து பாக்கணும். இந்த வீசைங்குற வார்த்தையே நம்ம தமிழ் வார்த்த. எங்க பாட்டி மெட்ராஸ் பக்கத்து வீசை 40 பலம்னு சொல்லுவாங்க, அது ஒண்ணரை கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி, இங்க உள்ளது அத விட பெருசு. தமிழ்நாட்டுல அந்த அளவு போயே போச்சு, இங்க இன்னும் தராசுல இருக்குங்குறது எனக்கு சந்தோஷமான விஷயம்.

கேள்வி: எங்க சபை வாலிபர் சங்கத்துல நான் பொறுப்புல இருக்கேன். டிசம்பர் பூரா கேரல் ரவுண்ட் போறோம், ஒரு ராத்திரிக்கு ஆறேழு வீடு, இருபத்தஞ்சு பிள்ளைங்க. ஒவ்வொரு வீட்டுலயும் மொஹிங்கா (மீன் கொழம்பு நூடுல்ஸ்), கேக்கு, கூல் ட்ரிங்ஸ்னு வைக்கிறாங்க. பிள்ளைங்களால திங்கவும் முடியல, வேணாம்னும் சொல்ல முடியல. கஷ்டப்படுற வீடுங்க கடன் வாங்கி வைக்கிறாங்களோன்னு பயமா இருக்கு. – ஒரு தம்பி, இன்செயின்

பதில்: தம்பி, இத நீங்க யோசிச்சதே பெரிய விஷயம். உங்க பயம் சரிதான். எனக்கு தெரிஞ்ச ஒரு வயசான அம்மா, தனியா இருக்குறவங்க, கேரல் வர்ற அன்னிக்கு லைட்ட அணைச்சுட்டு உள்ள ஒக்காந்திருந்தாங்க, வைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லன்னு. பாட்டு கேக்கணும்னு ஆச, ஆனா கதவ தொறக்க வெக்கம். மறுநாள் என்கிட்ட சொல்லிட்டு அழுதாங்க. நம்ம பாட்டு அந்த கதவுக்கு போகத்தான தம்பி, அந்த கதவே மூடிக்கிச்சுன்னா என்ன அர்த்தம்.

டிசம்பர் 1ஆம் தேதி நடுராத்திரி ஸ்வீட் டிசம்பர்னு பாட ஆரம்பிக்கிறதுலேர்ந்து 25 வரைக்கும் தெனம் ஒரு விருந்துன்னா யாரால முடியும், பாடுறவங்களாலயும் முடியாது, வைக்கிறவங்களாலயும் முடியாது. அதனால இத ஆளாளுக்கு விடாதீங்க, நவம்பர் கடைசி ஞாயித்துக்கிழமை சபைலயே பாஸ்டர விட்டு அறிவிக்க சொல்லுங்க, இந்த வருஷம் எந்த வீட்டுலயும் டீத்தண்ணி மட்டும்தான், ஒரு ராத்திரிக்கு கடைசி வீட்டுல மட்டும் சாப்பாடு, அந்த கடைசி வீட்ட சங்கமே முடிவு பண்ணும், செலவுல பாதிய சங்கம் குடுக்கும்னு. எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டம்னு வந்துட்டா வசதியா இருக்குறவங்களும் அடங்கிடுவாங்க, இல்லாதவங்களுக்கும் வெக்கம் இருக்காது. கூல் ட்ரிங்ஸ் வேணவே வேணாம், டிசம்பர் ராத்திரி குளுருல பாடுற தொண்டைக்கு அது எதுக்கு.

கடைசி வீட்டுல என்ன வைக்கலாம்னா பேப்யோ. காஞ்ச பட்டாணி ஒரு வீசை வாங்கி ஊற வச்சு, ஈரத்துணில கட்டி மொள விட்டு, அவிச்சு, வெங்காயம் பொறிச்சு அந்த எண்ணெயோட உப்பு போட்டு கலந்தா இருபத்தஞ்சு பேருக்கு சூடா வயிறு நெறைய வரும், கூட ஆளுக்கு பாதி நான் ரொட்டி. மொள விட ஒண்ணு ரெண்டு நாள் ஆகும்ங்குறதால அந்த வீட்டம்மாவுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு, மாத்திர சாப்பிடுறாங்க. கிறிஸ்மஸ் பலகாரத்துல சீனிக்கு பதிலா பனவெல்லம் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அடம் புடிக்கிறாங்க. – ஒரு வாசகர், பெகு

பதில்: பனவெல்லமும் சீனிதான் தம்பி. நம்ம ஊரு பனவெல்லமான தன்யெ எவ்வளவு நல்லதுன்னு சொன்னாலும் ரத்தத்துல சுகர ஏத்துறதுல பெரிய வித்தியாசம் இல்ல, அம்மாகிட்ட இத மெதுவா ஆனா உறுதியா சொல்லுங்க. அதுக்காக அம்மாவ ஒதுக்கி வச்சு தனியா ஓட்ஸ் கிண்டி குடுக்காதீங்க, பண்டிகை நாள்ல அது ரொம்ப மனசு நோகும். எல்லாருக்கும் வச்ச சாப்பாட்டுலயே அவங்க தட்டுல பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி கறின்னு வச்சு குடுங்க, காய மொதல்ல சாப்பிட சொல்லுங்க. ஸ்வீட்டு வேணும்னா சாப்பாட்டோட ஒரு சின்ன துண்டு, அதுக்கு ஏத்த மாதிரி சோத்த இன்னும் ரெண்டு பிடி கொறச்சு. சாப்பிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு பேரப்பிள்ளைங்களோட தெருவுல ஒரு கால் மணி நேரம் நடக்க விடுங்க.

முக்கியமா ஒண்ணு, மதியம் விருந்து இருக்கேன்னு சில பேர் காலைல மாத்திரய போட்டுட்டு சாப்பிடாம கோயிலுக்கு போயிடுறாங்க. சுகர் எறங்கி மயக்கம் வர்றது இதுலதான். ஆராதனை வேற நீளமா போகும். காலைல அளவா ஏதாவது சாப்பிட்டுட்டுத்தான் போகணும், உங்க சட்டப்பைல ஒரு மிட்டாய் வச்சுக்கங்க. மாத்திர அளவ மாத்துறது கூட்டுறது எல்லாம் டாக்டர கேட்டுத்தான், நாமளா பண்ணக் கூடாது.

கேள்வி: கீழ் வீட்டுல முஸ்லிம் குடும்பம், எதுத்த வீட்டுல பர்மீஸ்காரங்க, பக்கத்துல நம்ம தமிழ் இந்து அம்மா ஒருத்தங்க, மார்கழி மாசம் முட்ட கூட தொட மாட்டாங்க. எல்லாருக்கும் பலகாரம் குடுக்கணும், தனித்தனியா செய்ய கட்டுப்படியாகல. – ஒரு வாசகி, மோல்மீன்

பதில்: எல்லாரும் சாப்பிடுற ஒண்ண செய்யுங்க, தனித்தனியா எதுக்கு. முட்ட போடாம தேங்காப்பால்ல கரைச்ச அச்சு முறுக்கு, புது எண்ணெய்ல, கறி சமையல் எதையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பொறிச்சு எடுத்து தனி டப்பால மூடி வச்சிடுங்க. பன்னி பொறிச்ச சட்டியோ எண்ணெயோ கரண்டியோ அதுகிட்ட போகக் கூடாது, கீழ் வீட்டுக்காரங்க கேக்க மாட்டாங்க, நம்பித்தான் வாங்குறாங்க, அந்த நம்பிக்கைய நாமதான் காப்பாத்தணும். ஒரு தட்டுல ஆறு முறுக்கு, நாலு ஆரஞ்சு. அவ்வளவு போதும். அவங்க பெருநாளுக்கும் தீபாவளிக்கும் குடுத்து விட்ட தட்டு உங்க வீட்டுல இருந்தா கழுவி அதுலயே வச்சு குடுங்க.

இந்த தட்டுங்களையும் மொதல்லயே கணக்குல எழுதிடணும். எல்லாம் முடிஞ்சு மிச்சம் இருந்தா குடுக்கலாம்னு விட்டீங்கன்னா ஒடஞ்ச முறுக்குதான் கீழ் வீட்டுக்கு போகும்.

கேள்வி: அக்கா, நான் ஊர விட்டு வந்து லயிங்தயால ஒரு பேக்டரில வேல பாக்குறேன், ரூம்ல நாலு பசங்க, அதுல ரெண்டு பேர்தான் கிறிஸ்டியன். இந்த வருஷம் லீவுக்கு ஊருக்கு போக முடியல. கடைல கிறிஸ்மஸ் கேக்கு வெல கேட்டேன், கட்டுப்படியாகாது. ஓவனும் இல்ல, ஒரு கரி அடுப்புதான். கேக்கு இல்லாம கிறிஸ்மஸ் எப்படின்னு இருக்கு. – ஒரு தம்பி, லயிங்தயா

பதில்: தம்பி, கரி அடுப்பு இருக்குல்ல, அது போதும். சனுவின்மக்கின் செய்யுங்க, ரவா கேக்கு. நம்ம ஊரு தெருவுல விக்கிறவங்க ஓவன்லயா செய்றாங்க, கீழயும் கரி மேலயும் கரி, அதுதான் ஓவன்.

ஒரு பால் டப்பா ரவைய எண்ணெய் இல்லாம வெறும் சட்டில செவக்க வறுங்க, கருக விடாதீங்க, வாசனை வந்ததும் எறக்கிடணும். முக்கா டப்பா சீனி, ரெண்டு டப்பா தேங்காப்பால், ஒரு டப்பா தண்ணி, ரெண்டு முட்ட, ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் ரவையோட கலந்து அர மணி நேரம் ஊற விடுங்க. அப்பறம் ஒரு கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ விட்டு அடுப்புல வச்சு கை விடாம கிண்டுங்க, கெட்டியாயி சட்டிய விட்டு ஒட்டாம வரும்போது ஒரு கை கிஸ்மிஸ் போடுங்க, பத்து டிக்கல் வாங்கினா தாராளம். எண்ணெய் தடவின அலுமினிய சட்டில கொட்டி சமமா தட்டி, மேல கசகசா தூவுங்க. இனிமே கரிய பிரிக்கணும், அடுப்புல கொஞ்சமா விட்டுட்டு மிச்சத்த இடுக்கியால எடுத்து தகர மூடி மேல வைங்க, கீழ கம்மி மேல கூட. இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல மேல் பக்கம் செவந்துடும், நடுவுல ஒரு தடவ மட்டும் மூடிய தூக்கி பாருங்க, சாம்பல் உள்ள விழாம.

சூட்டுல வெட்டாதீங்க, ஒடஞ்சிடும். ஆறட்டும். 24 சாயங்காலம் செஞ்சு வச்சிடுங்க, ராத்திரி ஆராதனைக்கு போயிட்டு வந்து நாலு பேரும் சேந்து வெட்டுங்க, கூட பாலு போட்ட டீ. மறுநாள் மதியத்துக்கு நாலு பேருக்கு ரெண்டு டப்பா அரிசி, 40 டிக்கல் கோழி, மேல நான் சொன்ன அதே கணக்குதான். ரூம்ல ஜன்னல தொறந்து வச்சுட்டு கரி மூட்டுங்க, மூடுன ரூம்ல கரி புகை உயிருக்கே ஆபத்து. அப்பறம் கிறிஸ்மஸ் அன்னிக்கு காலைல அம்மாவுக்கு மறக்காம போன் பண்ணி, கேக்கு நானே செஞ்சேன்னு சொல்லுங்க.